வேலிக்கு அந்தப்பக்கம் நிற்கும் ஓக் மரம்

கேள்வி: நாங்கள் டெக்சாஸில், ஆஸ்டினுக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். எங்கள் கொல்லை வேலியைத் தாண்டினால் ஒரு காலி மனை. அதில் வேலியிலிருந்து 12 அடி தள்ளி ஒரு பெரிய லைவ் ஓக் நிற்கிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அங்கே போய்க் கயிறு கட்டி அளந்துவிட்டு, சுற்றளவு 98 அங்குலம் என்றார். மனையை ஒரு பில்டர் வாங்கியிருக்கிறார், மரத்தை எடுத்துவிட்டு வீடு கட்டப்போகிறாராம். ஆஸ்டினில் இந்த மாதிரி மரங்களைக் காப்பாற்றச் சட்டம் இருக்கிறதே, எங்கள் ஊரிலும் அப்படி ஒன்றைக் கொண்டுவர என்ன செய்ய வேண்டும்? 60 குடும்பங்களிடம் கையெழுத்து வாங்கிவிட்டோம். ஹெச்.ஓ.ஏ.வில் (குடியிருப்பு வீட்டுக்காரர் சங்கம்) சிலர் "என் நிலம், என் மரம், நீ யார் கேட்க" என்று சண்டைக்கு வருகிறார்கள். பி.கு.: மே மாதம் கொல்லையில் வீட்டிலிருந்து வேலிவரை கான்கிரீட் பாட்டியோ (உட்காருவதற்கான திறந்தவெளித் தளம்) போடுகிறோம். மரம் போய்விட்டால் நிழலே இருக்காது, அதனால்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன்.

பதில்:

வணக்கம். உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப்போட்டது அந்தப் பின்குறிப்புதான். அதற்குக் கடைசியில் வருகிறேன், அதுவரை கான்கிரீட்காரருக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் அப்பாவின் அளவு. 98-ஐ 3.14-ஆல் வகுத்தால் விட்டம் 31 அங்குலம் சொச்சம் வருகிறது. ஆனால் அவர் எந்த உயரத்தில் கயிறு கட்டினார் என்று நீங்கள் எழுதவில்லை. இங்கே மரத்தை அளப்பது தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், ஏறக்குறைய ஓர் ஆளின் நெஞ்சு உயரம். அடியில் வேர் புடைத்து விரிகிற இடத்தில் கட்டியிருந்தால் கணக்கு நிச்சயம் கூடக் காட்டியிருக்கும், நாளைக்கு எதிராளி அதை ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு உங்களைப் பொய்யர் ஆக்கிவிடுவார். இன்னொரு தடவை அளக்கச் சொல்லுங்கள். (காலி மனையானாலும் அடுத்தவர் இடம், இது டெக்சாஸ் வேறு. கேட்டுவிட்டு உள்ளே போவது உடம்புக்கு நல்லது.)

நாலரை அடியிலும் அதே 98 வந்தால் அது லேசுப்பட்ட மரம் இல்லை. ஆஸ்டின் எல்லைக்குள் 19 அங்குல விட்டத்தைத் தொட்ட எந்த மரத்தையும் பர்மிட் இல்லாமல் எடுக்க முடியாது. 2010-ல் அதற்கு மேல் இன்னொரு படி வைத்தார்கள். ஓக், பீக்கான், சீடர் எல்ம், பால்ட் சைப்ரஸ் என்று ஒரு பட்டியல் போட்டு, அந்த இனங்களில் 24 அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் அது ஹெரிடேஜ் மரம் என்றார்கள். 30-க்குக் கீழே என்றால் நகர ஆர்பரிஸ்ட் (மர நிபுணர்) மட்டத்திலேயே விதிவிலக்கு கொடுக்க வழி உண்டு. 30-ஐத் தொட்டுவிட்ட நல்ல மரத்தை வெட்ட வேண்டுமானால் நகரின் நிலப் பயன்பாட்டுக் கமிஷன் முன்னால் போய், ஊரார் உட்கார்ந்து கேட்க, வேறு வழியே இல்லை என்று நிரூபிக்க வேண்டும். உங்கள் மரம் அந்த வரிசை. (இங்கே எல்லோரும் சீடர் மரம் என்று சொல்லித் திட்டுகிற, குளிர்காலத்தில் நம் மூக்கை ஒழுகவைக்கிற ஜூனிப்பர் மட்டும் எவ்வளவு பருத்தாலும் ஹெரிடேஜ் ஆகாது. பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். பட்டியல் எழுதுகிறவர் கையில்தான் மரத்தின் தலையெழுத்து.)

ஒரு சின்ன விஷயம், உங்கள் அப்பாவுக்காக. ஆஸ்டினின் இந்த மாதிரிச் சட்டத்துக்கு இங்கே ஆர்டினன்ஸ் என்று பெயர். ஆர்டினன்ஸ் என்றதும் ஊரில் நாம் நினைப்பது அவசரச் சட்டம், சட்டசபை கூடாத நேரத்தில் கவர்னர் கையெழுத்துப் போடுவது. இங்கே அந்தச் சொல்லுக்கு அவசரத்தோடு சம்பந்தமே இல்லை. ஒரு சிட்டி கவுன்சில் தன் எல்லைக்குள் போட்டுக்கொள்ளும் சட்டம் அது. நான் ஊர்ச்சட்டம் என்றே எழுதுகிறேன்.

இந்த "தன் எல்லைக்குள்" என்பதில்தான் முதல் சிக்கல். உங்கள் வீடு உண்மையிலேயே அந்த ஊரின் எல்லைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது. தபால் முகவரியில் ஊர் பெயர் இருக்கும், வரி ரசீதைப் பார்த்தால் சிட்டி என்ற வரியே இருக்காது, தண்ணீர் மாவட்டம் ஒன்றின் பெயர் மட்டும் இருக்கும். அப்படியானால் நீங்கள் இருப்பது எந்த ஊர் எல்லைக்குள்ளும் இல்லை, வெறும் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி), டெக்சாஸில் கவுண்டிகளுக்கு இந்த மாதிரி விதி போடும் அதிகாரம் ரொம்பக் குறைவு. ஊர் எல்லைக்குள்தான் இருக்கிறீர்கள் என்றால் அடுத்த கேள்வி, உங்கள் ஊர் ஹோம் ரூல் ஊரா? 5,000 பேருக்கு மேல் உள்ள ஊர்கள் தங்களுக்கென்று ஒரு சாசனம் நிறைவேற்றிக்கொண்டு, மாநிலச் சட்டம் தடுக்காத எதையும் செய்யலாம். அதைவிடச் சின்ன ஊர்கள் மாநிலம் கையில் கொடுத்ததை மட்டும்தான் செய்ய முடியும். சிட்டி செக்ரட்டரிக்கு ஒரு போன் போட்டால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

இரண்டாவது சிக்கல் இன்னும் பெரியது, சொல்லவே சங்கடமாக இருக்கிறது. இந்த மாநிலத்தில் ஒருவர் கட்டட வேலைக்கு முதல் விண்ணப்பத்தைக் கொடுத்த தேதியில் என்ன விதி இருந்ததோ, அந்த வேலை முடியும்வரை பெரும்பாலும் அதுதான் அவருக்குச் செல்லும். மாநில உள்ளாட்சிச் சட்டத் தொகுப்பான லோக்கல் கவர்ன்மென்ட் கோட், 245-ஆம் அத்தியாயம். பில்டர் ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தால் நீங்கள் அடுத்த மாதமே சட்டம் கொண்டுவந்தாலும் அந்த மரத்துக்கு அது எட்டாது. ஆகவே உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரு வேலை இல்லை, இரண்டு வேலை. ஒன்று இந்த மரம், இன்னொன்று ஊர்ச்சட்டம். இரண்டையும் ஒரே மனுவில் கலந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். பிரித்துவிடுங்கள். கலந்தே போனால் கவுன்சிலில் உங்களை ஊரின் மேல் அக்கறை உள்ளவர்களாகப் பார்க்க மாட்டார்கள், அடுத்த மனையில் வீடு வராமல் தடுக்கிறவர்கள் என்று முத்திரை குத்திவிடுவார்கள்.

மரத்தை முதலில் பார்ப்போம், அதற்குத்தான் நாள் கம்மி.

அந்த 60 கையெழுத்தை எதிர்ப்பு மனுவில் செலவழித்துவிடாதீர்கள். பில்டருக்கு மரத்தின் மேல் விரோதம் ஒன்றும் இல்லை. அவருக்கு வேண்டியது தாமதமில்லாமல் வேலை முடிவது. போய்ப் பார்த்து, வரைபடத்தில் வீடு எங்கே உட்காருகிறது என்று கேளுங்கள். என் அனுபவத்தில் பாதி இடங்களில் வீட்டைத் தெருப்பக்கம் ஏழெட்டு அடி நகர்த்தினாலே மரம் தப்பிவிடும், ஆனால் முன்பக்கம் இத்தனை அடி விட வேண்டும் என்ற விதி அதைத் தடுக்கும். அந்த விதியில் விலக்கு கொடுப்பது போர்டு ஆஃப் அட்ஜஸ்ட்மென்ட். அங்கே பில்டர் போய் நிற்கும்போது அக்கம்பக்கத்து 60 வீடும் "எங்களுக்குச் சம்மதம், கொடுங்கள்" என்று கையெழுத்துப் போட்ட கடிதம் அவர் கையில் இருந்தால் அதன் கனமே வேறு. வழக்கமாக அந்தக் கூட்டங்களுக்கு அக்கம்பக்கத்தார் வருவது எதிர்க்கத்தான்.

அது நடக்காவிட்டால் விலைக்கு வாங்குவது. ஹெச்.ஓ.ஏ. வாங்கலாம், ஊர் வாங்கிச் சின்னப் பூங்காவாக விடலாம். ஆஸ்டினின் ட்ரீட்டி ஓக் கேள்விப்பட்டிருப்பீர்கள், பேலர் தெருவில் நிற்கிறது, ஏறக்குறைய 500 வயது என்பார்கள். 1937-ல் நகரமே அதை 1,000 டாலர் கொடுத்து வாங்கியது. 1989-ல் ஒருவர் வெல்பார் என்ற களைக்கொல்லியை அதன் அடியில் கொட்டினார். பணக்காரர் ராஸ் பெரோ, எவ்வளவு ஆனாலும் சரி என்று செலவை ஏற்றுக்கொண்டார், மண்ணை மாற்றினார்கள், ஊற்றுத் தண்ணீர் தெளித்தார்கள், வெயில் படாமல் திரை கட்டினார்கள், அப்படியும் மூன்றில் ஒரு பங்குதான் பிழைத்தது. விஷம் வைத்தவருக்கு 9 வருடச் சிறைத் தண்டனை. எல்லோரும் இந்தக் கதையை மரத்துக்குக் கிடைத்த நீதி என்று சொல்வார்கள், எனக்கு அதில் வேறொன்று உறைக்கும். அது நகரத்தின் சொத்து, அதனால்தான் அது குற்றம் ஆயிற்று. ஊர்ச்சட்டம் இல்லாத இடத்தில் தன் மனையில் நிற்கும் மரத்துக்கு அதே விஷத்தை ஒருவர் வைத்தால் கேட்க நாதியில்லை.

பெயர்த்து நடலாமே என்று யாராவது சொல்வார்கள். செய்யலாம். 2012-ல் லீக் சிட்டியில் சாலையை அகலப்படுத்தும்போது நூறு வயது ஓக் ஒன்றை அப்படியே கால் மைலுக்குச் சற்று அதிகமாக நகர்த்தினார்கள், கிட்டத்தட்ட 2 லட்சம் டாலர் ஆனது. உங்கள் ஹெச்.ஓ.ஏ.வின் வருட பட்ஜெட் எவ்வளவு?

இனி ஊர்ச்சட்டம். இதில் ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் மனசில் வாங்கிக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் ஆஸ்டினிலிருந்தும் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். மரம் பெரும்பாலும் ரம்பத்தால் சாவதில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டு வேலை. கொல்லையில் பெரிய பீக்கான். பில்டர் விதியில் சொன்னபடி மரத்தைச் சுற்றிச் சங்கிலி வேலி போட்டார், இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து சரி என்றார், ஆர்பரிஸ்ட் என்ற முறையில் நானும் கையெழுத்துப் போட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழாய் வேலைக்காரர்கள் வேலியைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டு, மரத்திலிருந்து ஆறடியில் கழிவுநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டி, குழாய் போட்டு மூடி, வேலியைப் பழையபடி நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். திங்கட்கிழமை நான் போய்ப் பார்த்தேன், வேலி நின்றது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கான்கிரீட் லாரி கழுவிய சுண்ணாம்புத் தண்ணீரும் அந்தப்பக்கம்தான் போயிருக்கிறது. முதல் கோடையில் இலை சிறுத்தது, மூன்றாவது கோடையில் உச்சி காய்ந்தது, ஐந்தாவது வருடம் வீட்டுக்காரர் காசு கொடுத்து எடுத்தார். கோப்பில் இன்றைக்கும் அந்த மரம் "பாதுகாக்கப்பட்டது" என்றுதான் இருக்கிறது, என் கையெழுத்தோடு.

வேர் என்றால் ஆழமாக இறங்கும் ஆணிவேர் ஒன்றைத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். முதிர்ந்த மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேலாக இரண்டடி மண்ணுக்குள், தட்டில் கொட்டின சேமியா மாதிரி அகலமாகப் பரந்து கிடக்கும். அதன் மேல் புல்டோசர் இரண்டு தடவை ஓடினால் மண் இறுகிக் காற்று போகாது. அரையடி மண் கொட்டி மேடாக்கினாலும் அதே கதைதான். பெரிய ஓக் இதற்கெல்லாம் உடனே சாகாது, உள்ளே இருக்கும் சேமிப்பைத் தின்றுகொண்டு மூன்று நாலு வருடம் நிற்கும், அதற்குள் பில்டர் வீட்டை விற்றுவிட்டு அடுத்த ஊருக்குப் போயிருப்பார். அதனால் உங்கள் சட்டத்தில் "மரத்தை அகற்றுதல்" என்று எழுதும் இடத்தில், அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கீழே விளக்கமாக எழுதியாக வேண்டும். வெட்டுவது மட்டும் இல்லை. வேர்ப் பகுதியில் தோண்டுவது, மண் கொட்டுவது, வண்டி ஓட்டுவது, தளம் போடுவது, ஒரேயடியாகக் கிளையை மொட்டையடிப்பது, விஷம் வைப்பது எல்லாம் அகற்றுதல்தான். இந்த ஒரு பத்தி இல்லாத சட்டத்துக்காக நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு போராட வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

ஆஸ்டினில் இதற்கு எண்களே இருக்கின்றன, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். விட்டம் ஓர் அங்குலத்துக்கு ஓர் அடி என்று ஆரம் வைத்து மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார்கள். கிரிட்டிக்கல் ரூட் ஸோன் என்று பெயர், நான் வேர் வட்டம் என்கிறேன். உங்கள் மரத்துக்கு 31 அடி ஆரம். இந்த வட்டத்தில் குறைந்தது பாதியைக் கை வைக்காமல் விட வேண்டும். அதற்குள் பாதி ஆரத்தில் இன்னொரு வட்டம், பதினைந்தரை அடி, அதில் 4 அங்குலத்துக்கு மேல் தோண்டவும் கூடாது, மேடாக்கவும் கூடாது. அதற்கும் உள்ளே கால் ஆரத்தில் மூன்றாவது வட்டம், அங்கே எதுவுமே கூடாது. கிளையிலும் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. ஆர்பரிஸ்ட் வந்து கவிதை எழுத வேண்டியதில்லை, டேப் வைத்து யாரும் சரிபார்க்கலாம். இப்படி அளக்க முடிகிற விதிதான் கோர்ட்டிலும் நிற்கும்.

சரி, இப்போது "என் நிலம், என் மரம்" ஆட்கள். அவர்களை முட்டாள்கள் என்று நினைக்காதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 31 அடி ஆரம் என்றால் ஏறக்குறைய 3,000 சதுர அடி. 60-க்கு 120 மனை மொத்தமே 7,200. ஒரே ஒரு மரம் மனையில் நாற்பது சதவீதத்தில் கைவைத்துவிடுகிறது. கடன் வாங்கி மனை வாங்கினவருக்கு வயிறு எரியாதா? நாளைக்குச் சட்டம் வருகிறது என்ற வதந்தி கிளம்பினாலே 23 அங்குல மரத்தையெல்லாம் இன்றைக்கே வெட்டிவிடுவார்கள், 24 ஆகிவிட்டால் தொல்லை என்று. அதனால் எடுக்கிற இடத்தில் ஏதாவது கொடுக்க வேண்டும். மரத்தை வைத்துக்கொள்கிறவருக்கு முன்பக்க இடைவெளி விதியில் தானாகத் தளர்வு, பார்க்கிங் கணக்கில் குறைப்பு, மரம் நடும் கடமையில் கழிவு, பர்மிட் வரிசையில் முன்னுரிமை. இதையெல்லாம் தனி மனு, தனி விசாரணை இல்லாமல் சட்டத்துக்குள்ளேயே எழுதிவிட்டால் எதிர்ப்பில் பாதி அடங்கிவிடும்.

பணம் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை. மிச்சிகனில் கேன்டன் என்ற ஊரில் மரச் சட்டம் ஒன்று இருந்தது, மரம் எடுத்தால் பதிலுக்கு நடு, அல்லது மர நிதிக்குப் பணம் கட்டு என்று. ஒரு கம்பெனி தன் நிலத்தில் 159 மரங்களை எடுத்துவிட்டது, ஊர் கிட்டத்தட்ட 48,000 டாலர் கேட்டது. 2021-ல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. மரம் காப்பதே தப்பு என்று சொல்லவில்லை, இந்த நிலத்தில் இந்த மரங்கள் போனதால் ஊருக்கு என்ன நஷ்டம், கேட்கும் தொகைக்கும் அதற்கும் என்ன பொருத்தம் என்று ஊர் தனியாக ஆராய்ந்து காட்டவில்லை என்றது. டெக்சாஸ் அந்த நீதிமன்றத்தின் கீழ் வராது, ஆனாலும் உங்கள் சிட்டி அட்டர்னி அதைப் படித்திருப்பார், பயப்படுவார். நீங்களாகவே முதலில் எடுத்துச் சொல்லிவிடுங்கள். தவிர 2017-ல் டெக்சாஸ் சட்டமன்றமும் ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது: ஒருவர் தான் குடியிருக்கும் வீட்டு மனையில் 10 அங்குலத்துக்குக் குறைந்த மரத்தை எடுத்தால் ஊர் கட்டணம் கேட்க முடியாது, மற்ற இடங்களிலும் பதிலுக்கு மரம் நட்டால் கட்டணத்தில் கழிக்க வேண்டும். நீங்கள் கேட்பது 24 அங்குலத்துக்கு மேலே, ஆகவே அந்தப் பத்து அங்குல வரம்பு உங்களைத் தொடாது. ஆர்வக்கோளாறில் "எல்லா மரமும்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அபராதம். இங்கேதான் நிறையச் சட்டங்கள் பல் இல்லாமல் போகின்றன. இந்த மாநிலத்தில் ஊர்ச்சட்டத்தை மீறினால் சாதாரணமாக 500 டாலர்வரை, மண்டல விதி (எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்பது), சுகாதாரம் மாதிரியான சிலவற்றுக்கு 2,000 டாலர்வரைதான் ஊர் அபராதம் போட முடியும். வீட்டை விற்று லட்சக்கணக்கில் பார்க்கிறவருக்கு 2,000 டாலர் என்பது இரண்டு ஜன்னல் காசு, அதையும் சேர்த்துத்தான் விலை வைப்பார். அதனால் அபராதத்தை நம்பாதீர்கள். ஒவ்வொரு மரமும் தனிக் குற்றம் என்று எழுதுங்கள். அதைவிட முக்கியமாக, மீறினால் வேலை நிற்கும், பதில் மரங்கள் நட்டு முடிக்கும்வரை குடிபுகும் சான்றிதழ் கிடைக்காது என்று எழுதுங்கள். பில்டருக்கு வலிக்கிற இடம் தேதிதான்.

விதிவிலக்குகளை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அவர்கள் எழுதுவார்கள். 2023 பிப்ரவரி பனிப்புயலில் ஆஸ்டின் பக்கம் கிளை முறிந்து விழாத தெரு உண்டா? கூரை மேல் சாய்ந்து நிற்கும் மரத்துக்கு பர்மிட் கேட்டு உட்கார்ந்திருக்க முடியாது, போட்டோ எடுத்துவிட்டு வெட்டிவிட்டு அடுத்த சில நாளில் அறிக்கை கொடு என்று இருக்க வேண்டும். ஓக் வில்ட் நோய்க்கும் வழி விட வேண்டும். அது வேருக்கு வேர் ஒட்டியிருக்கும் வழியாகப் பரவுகிற பூஞ்சை, ஒரு லைவ் ஓக்குக்கு வந்தால் வரிசையாகப் பக்கத்து மரங்களுக்கும் போகும். அதைத் தடுக்க நாலடி ஆழத்துக்குக் குறையாமல் பள்ளம் வெட்டி வேர்த் தொடர்பை அறுப்பார்கள். வேர் வட்டத்தில் தோண்டாதே என்று பொதுவாக எழுதிவிட்டு இதற்கு விலக்கு வைக்காமல் விட்டால் உங்கள் சட்டமே தோப்பைக் கொன்றுவிடும்.

"எங்கள் ஊர்தான் ஏற்கெனவே ட்ரீ சிட்டி ஆயிற்றே, பலகை வைத்திருக்கிறார்களே" என்று கவுன்சிலர் யாராவது சொன்னால் மயங்காதீர்கள். ஆர்பர் டே ஃபவுண்டேஷன் கொடுக்கும் அந்தப் பட்டத்துக்கு ஒரு மரச் சட்டம் வேண்டும், உண்மைதான், கூடவே மரக் குழு, தலைக்கு 2 டாலராவது செலவு, வருடத்துக்கு ஒரு மர நாள். ஆனால் அந்தச் சட்டம் பூங்காவிலும் தெருவோரத்திலும் உள்ள பொது மரங்களைப் பற்றி மட்டும் பேசினாலே போதும். தனியார் மனையில் நிற்கும் உங்கள் ஓக்குக்கும் அந்தப் பலகைக்கும் உறவே இல்லாமல் இருக்கலாம்.

கவுன்சிலில் பேசுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிகழ்ச்சி நிரலில் உள்ள விஷயத்தில் பேச யாருக்கும் உரிமை உண்டு, ஆளுக்குப் பெரும்பாலும் மூன்று நிமிடம் தருவார்கள். அறுபது பேரும் போய் ஒரே பேச்சைப் பேசாதீர்கள், நாலு பேர் போதும். நம் பழைய மன்னர்கள் காவல் மரம் வைத்திருந்தார்கள், பகைவன் அந்தக் கடிமரத்தை வெட்டினால் தோற்றதற்குச் சமம் என்று சொல்ல உங்கள் அப்பாவுக்கு ஆசை இருக்கும், கண்டிப்பாகச் சொல்லட்டும், ஆனால் கடைசி அரை நிமிடத்தில். முதல் இரண்டரை நிமிடத்தில் எண், வட்டம், சலுகை. டெக்சாஸ் ஏ அண்ட் எம் ஃபாரஸ்ட் சர்வீஸில் நகர மரங்களுக்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், ஊர் அதிகாரிகளுக்கு வரைவு எழுத உதவுவார்கள். நீங்கள் கூப்பிடுவதைவிட உங்கள் ஊர் பிளானரை (நகரத் திட்ட அதிகாரி) விட்டுக் கூப்பிடச் சொல்லுங்கள்.

அப்புறம், பாட்டியோ.

மரம் வேலியிலிருந்து 12 அடியில். வேர் வட்டம் 31 அடி. அப்படியென்றால் வேர் உங்கள் கொல்லைக்குள் 19 அடி வந்திருக்கிறது. கொல்லை அகலம் ஓர் 60 அடி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன், அந்த வட்டத்தில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேலே உங்கள் இடத்தில் இருக்கிறது. நீங்கள் வேலிவரை கான்கிரீட் போட்டால், தளமும் அடியில் ஜல்லியும் சேர்த்து எப்படியும் 8 அங்குலம் தோண்டுவார்கள், அதுவும் மரத்திலிருந்து 12 அடியில், அதாவது 4 அங்குலத்துக்கு மேல் தோண்டக் கூடாத பதினைந்தரை அடி வட்டத்துக்குள். நீங்கள் கொண்டுவரத் துடிக்கிற சட்டம் இன்றைக்கே இருந்தால் முதல் நோட்டீஸ் உங்கள் வீட்டுக் கதவில்தான் ஒட்டப்படும். பில்டர் தன் பக்கம் மரத்தை நல்லபடியாக வைத்துக்கொண்டாலும், நாலு வருடம் கழித்து அது உங்கள் பாட்டியோவால் காய்ந்துபோக, நீங்கள் அவரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

குத்திக்காட்ட எழுதவில்லை. இதைப் பில்டரோ அந்த "என் மரம்" ஆட்களில் ஒருவரோ கண்டுபிடித்துக் கவுன்சிலில் சொல்வதற்குள் நீங்களே சரி செய்துகொள்ளுங்கள் என்கிறேன். வேலியை ஒட்டிப் பத்து அடிக்குத் தளமே வேண்டாம், மரச்சிராய் பரப்பி விடுங்கள், அங்கேதான் அப்பா நாற்காலி போட்டு உட்காரப் போகிறார். வீட்டை ஒட்டின பகுதியில் கான்கிரீட்டுக்குப் பதில் மரப்பலகை டெக் போடலாம். தூண் குழிகளைக் கையால் தோண்டச் சொல்லுங்கள், இரண்டு அங்குலத்தைவிடத் தடித்த வேர் தென்பட்டால் குழியை அரையடி நகர்த்தினால் போயிற்று. செலவு கொஞ்சம் கூடும்.

வேலை மே மாதம் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகளை வேலையாட்கள் "இடைஞ்சலாக இருக்கிறது" என்று போகிறபோக்கில் நறுக்கிவிடுவார்கள். பிப்ரவரி முதல் ஜூன் முடிய இங்கே ஓக் கிளையில் கத்தி வைக்கக் கூடாது, வெட்டுக்காயத்தின் வாசனைக்கு வரும் வண்டுகள் ஓக் வில்ட்டைக் கொண்டுவரும் காலம் அது. ஜூலைவரை பொறுங்கள். அப்படியும் கிளை ஏதாவது முறிந்துபோனால் உடனே அந்த இடத்தில் பெயின்ட் அடித்துவிடுங்கள், சாதாரண ஸ்ப்ரே பெயின்ட் போதும். மறுபடி அளந்த சுற்றளவையும், மரத்தடி மண் தெரிகிற மாதிரி ஒரு போட்டோவையும் அனுப்புங்கள், பில்டரிடம் கொடுக்கிற மாதிரி ஒரு பக்க வரைபடம் போட்டுத் தருகிறேன்.